மாமனார் மாமியாருக்கு ஸ்லீப்பர் ரூம்: பாயிண்டைக் கொடுப்பதா, காசைக் கொடுப்பதா?

ஏழுமணி வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் படிப்பதோடு சரி, இதுதான் என் முதல் கேள்வி. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடமாக வேலை விஷயமாக நெவார்க்கில் இருந்து வாஷிங்டனுக்கு ஆம்ட்ராக் ரயிலில் போய் வருகிறேன், வாரத்துக்கு ஒரு தடவை. டிக்கெட் கம்பெனி கணக்கு, பயணத்துக்கு ஆம்ட்ராக் தரும் பாயிண்ட் என் கணக்கு. இன்று காலை பார்த்தேன், 51,400 பாயிண்ட் நிற்கிறது. இதுவரை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

என் மாமனாருக்கு 72 வயது, மாமியாருக்கு 67. அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இருக்கும் கொழுந்தனார் வீட்டுக்குப் போகிறார்கள். மாமனாருக்கு விமானம் என்றால் ஆகாது. பயமெல்லாம் இல்லை. "மேகத்தைப் பார்க்கவா இவ்வளவு காசு?" என்பார். கலிஃபோர்னியா செஃபிர் வண்டியைப் பற்றி எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டார், போனால் அதில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். சிகாகோ வரை என் கணவர் கூடப் போய் ஏற்றிவிடுவார். வண்டி முடியும் எமெரிவில்லில் கொழுந்தனார் வந்து இறக்கிக்கொள்வார். நடுவில் இரண்டு ராத்திரி, இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

நேற்று ராத்திரி தேடியபோது வந்த விலை இது. இரண்டு பேரும் ஒரே ரூமெட்டில் (மேலும் கீழுமாக இரண்டு படுக்கை உள்ள சின்ன அறை) போனால் 1,094 டாலர் அல்லது 46,000 பாயிண்ட். அதை விடப் பெரிய அறையான பெட்ரூம் என்றால் 2,214 டாலர் அல்லது 93,100 பாயிண்ட். (65 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கான 10 சதவீதத் தள்ளுபடி டாலர் விலையில் சேர்ந்துவிட்டது. அது டிக்கெட் பகுதிக்கு மட்டும்தானாம், ரூம் கட்டணத்துக்குக் கிடையாது.)

பெட்ரூமுக்குப் பாயிண்ட் பற்றாது. ரூமெட்டைப் பாயிண்டில் போட்டால் கையில் இருந்து ஒரு டாலர்கூடப் போகாது. என் கணவரோ, "பாயிண்ட் இருக்கட்டும், எப்போதாவது நாம் நாலு பேரும் போகலாம், இப்போது காசையே கொடுத்துவிடு" என்கிறார். அந்த "எப்போதாவது" ஆறு வருடமாக வரவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எது லாபம்? அப்புறம், ரூமெட்டில் போனவர்கள் சொல்லுங்கள், 67 வயதில் முட்டிவலியோடு மேல் பெர்த்தில் ஏற முடியுமா?

—

கணக்குப்பிள்ளை:

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். 1,094 டாலரை 46,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 2.38 சென்ட். பெட்ரூமுக்கு வகுத்துப் பாருங்கள், அதே 2.38 வரும். 2016 ஜனவரியில் திட்டத்தை மாற்றியதில் இருந்து பாயிண்ட் விலை டாலர் விலையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. ரூம் விற்க விற்க டாலர் விலை படிப்படியாக ஏறும், பாயிண்டும் கூடவே ஏறும். அதனால் டாலரில் எகிறி நிற்கிற ரூமைப் பாயிண்டில் சல்லிசாக அடித்துவிடலாம் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

பலரும் விட்டுவிடுகிற இன்னொரு கணக்கு இருக்கிறது. காசு கொடுத்துப் போனால் டாலருக்கு 2 பாயிண்ட் திரும்ப வரும். 1,094 டாலருக்கு 2,188 பாயிண்ட். பாயிண்டில் போகும் பயணத்துக்கு அது கிடையாது. ஆக உங்களுக்கு உண்மையில் செலவாவது 46,000 இல்லை, 48,188. இப்போது வகுத்தால் 2.27 சென்ட்தான். செலக்ட், செலக்ட் பிளஸ் மாதிரி உறுப்பினர் படிகளுக்கு ஓடுகிறீர்கள் என்றால் (முதல் படிக்கு 5,000 பாயிண்ட், அடுத்ததற்கு 10,000) பாயிண்டில் போகும் பயணம் அதற்கும் கணக்கில் வராது.

நான் 2 சென்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மேலே என்றால் பாயிண்ட், கீழே என்றால் காசு. 2.27 கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. பாயிண்டைக் கொடுங்கள்.

—

ஏழுமணி வண்டி:

நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். வண்டியில் போவது நான் இல்லையே? அவர்கள் காசு டிக்கெட்டில் போனால் அந்த 2,188 பாயிண்ட் என் கணக்கில் ஏறுமா?

—

கணக்குப்பிள்ளை:

ஏறாது. சரியாகப் பிடித்தீர்கள், என் தவறு. பயணம் செய்கிறவர் உறுப்பினராக இருந்தால் அவர் கணக்கில்தான் ஏறும். காசு கொடுத்தது யார் என்று பார்ப்பதில்லை. உங்களுக்கு மிஞ்சுவது கிரெடிட் கார்டு தருகிற பாயிண்ட் மட்டும். ஆனால் சேர்த்து வைத்த பாயிண்டில் யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் போடலாம், அதில் தடையில்லை. ஆகவே உங்கள் விஷயத்தில் முழு 2.38. இன்னும் நல்லதுதான்.

ஆம்ட்ராக் பெயரில் வரும் கார்டு கையில் இருந்தால் செலவழித்த பாயிண்டில் 5 சதவீதம் திரும்ப வரும். இல்லாவிட்டால் இந்த ஒரு பயணத்துக்காக வாங்க வேண்டாம்.

—

ஜன்னலோரம்:

கணக்கைப் பிள்ளைவாள் முடித்துவிட்டார். நான் ரூமைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் பணத்தை விடப் பெரிய விஷயம் அந்த முட்டிவலிதான்.

எனக்கு 66 வயது. ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் இதே செஃபிரில் இரண்டு தடவை போயிருக்கிறோம். முதல் தடவை, ரூமெட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு பதிவு செய்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, படிக்காதது என் தப்பு. மேற்கே ஓடும் இரண்டடுக்கு சூப்பர்லைனர் வண்டிகளில் ரூமெட்டுக்குள் கழிப்பறை கிடையாது. பெட்ரூமில் மட்டும் உண்டு, ஷவரும் சேர்த்து.

ரூமெட் என்பது மூன்றரை அடிக்கு ஆறரை அடி. எதிரெதிரே இரண்டு நாற்காலி. ராத்திரி அந்த இரண்டையும் இழுத்துச் சேர்த்தால் கீழ்ப் படுக்கை, அகலம் 2 அடி 4 அங்குலம். கூரையோரமாக மடங்கி இருக்கும் பலகையை இறக்கினால் மேல் படுக்கை, அகலம் 2 அடிதான். மேலே ஏற ஏணி கிடையாது. நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு படி மாதிரி இருக்கும், அதில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். உருண்டு விழாமல் இருக்க ஒரு வலைப் பட்டை மாட்டுவார்கள். அங்கே உட்காரக்கூட உயரம் போதாது. ஜன்னலும் இல்லை. நான் ஏறிப் படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு இறங்க வேண்டி வந்தது. என் கால் படியைத் தேடி என் மனைவியின் தோளைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு இருவருமே தூங்கவில்லை.

67 வயதில், முட்டிவலியோடு வேண்டாம். 72 வயதில் உங்கள் மாமனாரும் வேண்டாம்.

அதற்காக 2,214 டாலர் பெட்ரூம்தான் வழி என்று இல்லை. அதிலும் இரண்டாவது படுக்கை மேலேதான் இருக்கிறது. கீழே இருப்பது கொஞ்சம் அகலம், இருவரும் நெருக்கி அதில் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை நாங்கள் செய்தது இதுதான்: எதிரெதிராக இரண்டு ரூமெட். ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு கீழ்ப் படுக்கை. நடுவில் ஒரு ஆள் நடக்கும் வழி. பகலில் இரண்டு கதவையும் திறந்து வைத்தால் வண்டியின் இரண்டு பக்கமும் நமக்குத்தான். வெளியே இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் பாறை.

விலை எப்படி வரும் என்றால், டிக்கெட் என்பது ஆள் கணக்கு, ரூம் கட்டணம் என்பது ரூம் கணக்கு. ஒரு ரூமெட்டில் ஒருவர் போனாலும் இருவர் போனாலும் ரூம் கட்டணம் ஒன்றே. அதனால்தான் தனியாகப் போகிறவருக்கு விலை பாதியாகக் குறையாது. உங்களுக்கு ஒரு ஆளுக்கு 930 டாலர் போல வரும் என்று நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்தாலும் பெட்ரூமை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாயிண்டா காசா என்று ஏன் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்? ஒரு ரூமைப் பாயிண்டில் போடுங்கள், இன்னொன்றைக் காசில் போடுங்கள். இரண்டும் தனித்தனிப் பதிவாகத்தானே இருக்கப் போகிறது. சாப்பாடு இரண்டு ரூமுக்கும் சேர்த்தி, பாயிண்டில் போகிறவருக்குத் தனித் தட்டு ஒன்றும் இல்லை. சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ஸ்லீப்பர் பயணிகளுக்கான மெட்ரோபாலிட்டன் லவுஞ்சிலும் இருவரையும் விடுவார்கள்.

—

சின்னக்கவுண்ட்டர்:

கோச்சில், அதாவது வெறும் நாற்காலி வகுப்பில், டிக்கெட் போட்டுவிட்டு ஆம்ட்ராக்கின் பிட்அப்பில் ரூமுக்கு ஏலம் கேட்டுப் பாருங்க அக்கா. மிச்சம் இருக்கும் ரூம் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். நான் அப்படித்தான் ஒருமுறை ரூமெட்டில் போனேன், செம.

—

ஏழுமணி வண்டி:

கிடைக்காவிட்டால் தம்பி? இரண்டு ராத்திரி அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் இங்கே எப்படித் தூங்குவது?

—

சின்னக்கவுண்ட்டர்:

அதுவும் சரிதான். எனக்கு 26 வயசு, அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை.

—

பழைய டைம்டேபிள்:

உங்கள் கணவர் பாயிண்டைக் கல்யாண நகை மாதிரி பூட்டி வைக்கச் சொல்கிறாரே, அதைப் பற்றி ஒரு வார்த்தை.

2016-க்கு முன்னால் இந்தத் திட்டம் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருந்தது. ஒரே மண்டலத்துக்குள் ரூமெட் 15,000 பாயிண்ட், இரண்டு மண்டலத்துக்கு 20,000. டாலர் விலை எவ்வளவு ஏறினாலும் பாயிண்ட் நகராது. ரூமுக்குத்தான் விலை, ஆளுக்கு இல்லை. இப்போது உங்களிடம் 46,000 கேட்கிற இதே சிகாகோ – எமெரிவில் ரூமெட்டை 20,000-க்கு வாங்கி இருவர் போனோம். போதாததற்கு சேஸ் வங்கியின் கிரெடிட் கார்டு பாயிண்டை ஒன்றுக்கு ஒன்று என்று இங்கே மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. 2015 கடைசியில் அந்தக் கதவைச் சாத்தினார்கள், அடுத்த மாதமே மண்டலங்களும் போயின.

அப்போது என் கையில் 80,000 பாயிண்ட் சும்மா கிடந்தது. ரிட்டயர் ஆனதும் நாடு முழுக்கச் சுற்றலாம் என்று நினைத்திருந்தேன். ஒரே நாளில் நான்கு பயணம் இரண்டுக்கும் குறைவாகச் சுருங்கிப் போனது. டாலரை வங்கியில் வைத்தால் கொஞ்சமாவது வட்டி வரும். பாயிண்டுக்கு வட்டி இல்லை, அதன் மதிப்பை நிர்ணயிக்கிறவரும் நாம் இல்லை. மேல்கொண்டு பாயிண்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்ற யோசனை வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கோ வாராவாரம் கம்பெனி செலவில் புதிதாக ஏறிக்கொண்டே இருக்கிறது. குழாயடியில் நின்றுகொண்டு குடத்துத் தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பானேன்?

—

ஏழுமணி வண்டி:

குடத்துத் தண்ணீரைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். பதில் இல்லை, ஆனால் லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார்.

ஜன்னலோரம் ஐயா, இரண்டு ரூமெட் யோசனை மாமியாருக்கு உடனே பிடித்துவிட்டது. மேல் தளமா கீழ் தளமா என்பதில்தான் சண்டை. மாமனாருக்கு மேலேதான் வேண்டும், காட்சி தெரியுமாம். மாமியார் கழிப்பறை பக்கத்தில் வேண்டும் என்கிறார். எது சரி?

—

ஜன்னலோரம்:

அந்தப் பெட்டியில் பத்து ரூமெட் மேலே, நான்கு கீழே. கழிப்பறை மேலே ஒன்றுதான், கீழே மூன்று. ஷவரும் கீழேதான். ஏறுகிற கதவும் கீழே. ஆக இந்தச் சண்டையில் நான் உங்கள் மாமியார் கட்சி.

ஆனால் கீழே இரண்டு குறை உண்டு. ஜன்னல் பிளாட்பாரம் மட்டத்தில் இருப்பதால் எதிரே சரக்கு வண்டி நின்றால் அதன் சக்கரத்தைத்தான் பார்க்கலாம். இரண்டாவது, பெட்டிக்குப் பெட்டி போகும் வழி மேல் தளத்தில் மட்டும்தான். சாப்பாட்டுப் பெட்டிக்குப் போக வேண்டும் என்றால் படி ஏறத்தான் வேண்டும், அது குறுகலாகத் திரும்பும் படி. முட்டி ஒத்துழைக்காத வேளையில் அட்டெண்டன்ட்டிடம் சொன்னால் ரூமுக்கே கொண்டுவந்து கொடுப்பார். (இறங்கும்போது அவருக்கு டிப்ஸ் கொடுக்கச் சொல்லிவிடுங்கள், இரண்டு ராத்திரி படுக்கை விரிப்பது அவர்தான்.)

காட்சிக்கு மாமனார் ரூமை நம்பவே வேண்டாம். கூரை வரை வளைந்து போகும் கண்ணாடியோடு ஒரு லவுஞ்ச் பெட்டி இருக்கிறது. மதியம் சிகாகோவில் கிளம்பும் வண்டி மறுநாள் காலையில் டென்வர். அங்கிருந்து மலை ஏறத் தொடங்கும். டென்வரில் வண்டி நிற்கும்போதே போய் அந்தப் பெட்டியில் இடம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு நெரிசல். மொஃபாட் குகை 6.2 மைல், உள்ளே போனால் பத்து நிமிடம் போல ஒரே இருட்டு. அதைத் தாண்டினால் கொலராடோ ஆறு மணிக்கணக்கில் கூடவே வரும்.

சாப்பாட்டில் சைவத்துக்கு ஏதாவது ஒன்று இருக்கும், ஆனால் இரண்டு ராத்திரியும் அதே ஒன்றுதான். சொந்தச் சாப்பாட்டை ரூமில் வைத்துச் சாப்பிடலாம். எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுங்கள்.

—

கணக்குப்பிள்ளை:

பதிவு செய்யும் முன் ரத்து விதியைப் படித்துவிடுங்கள். காசுக்கும் பாயிண்டுக்கும் தனித்தனியாக, அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கும். வயதானவர்கள், டாக்டர் தேதி மாறலாம். எதுவானாலும் வண்டி கிளம்பும் முன் ரத்து செய்துவிட வேண்டும். சொல்லாமல் போகாமல் இருந்தால் முழுதும் போச்சு.

இன்னொன்று, சிகாகோவில் இருந்து பதிவு செய்துவிட்டு அடுத்த ஸ்டேஷன் நேப்பர்வில்லில் ஏறிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஏற வேண்டிய இடத்தில் ஏறாவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். நான் அப்படிக் கிளம்பி, நல்லவேளையாகப் பாதி வழியில் போன் போட்டு மாற்றிக்கொண்டேன்.

—

ஏழுமணி வண்டி:

முடித்துவிட்டேன். எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது இதே கேள்வியோடு வந்தால் உதவும்.

போனில் ஏஜெண்டைப் பிடித்துக் கீழ்த் தளத்தில் எதிரெதிர் ரூம் கேட்டேன். 13-ம் 14-ம் கிடைத்தது. மாமியாருடையது 39,200 பாயிண்ட். அதைப் போட்டு முடித்துவிட்டு மாமனாருடையதைப் போடும்போது 932 டாலராக இருந்தது 1,011 ஆகிவிட்டது. ஒரு ரூம் குறைந்ததும் விலை அடுத்த படிக்கு ஏறிவிட்டதாம், அந்த ஒரு ரூமை எடுத்தது நானே! இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. கணக்குப்பிள்ளை அண்ணா, இதற்கும் ஒரு சென்ட் கணக்கு போட்டுவிடாதீர்கள், ராத்திரி தூக்கம் போய்விடும்.

மிச்சம் 12,200 பாயிண்ட் இருக்கிறது. மொத்தமாகக் கையில் இருந்து போனது 1,011 டாலர். ஒரே ரூமெட்டைக் காசில் எடுத்திருந்தால்கூட 1,094 ஆகியிருக்கும் என்று கணவரிடம் சொன்னேன். "அப்போ 83 டாலர் மிச்சம்" என்றார். 39,200 பாயிண்டை அவர் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மாமனார் மட்டும் கொஞ்சம் முகம் வாடினார், ஐம்பது வருடமாக ஒரே அறையில் இருந்துவிட்டு இப்போது இரண்டு கதவா என்று. மாமியார் அடுப்படியில் இருந்தே பதில் சொன்னார்: "ரெண்டு ராத்திரியாவது குறட்டை கேக்காம தூங்குறேன், கதவைச் சாத்திக்கோங்க."